பட்டை எண் நாற்பத்தொன்று

3 மார்ச்

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்ற வரியை நீயே மேலே எழுதிக்கொள். அஞ்சல் பை பதினோரு மணிக்குக் கிளம்பிவிடும். இந்த ராணுவ மருத்துவமனையில் கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். இனி நமக்குள் எல்லாம் காகிதத்தில்தான்.

பெட்டிக்குள் ஒரு மார்புப் பட்டை இருக்கிறது. எண் நாற்பத்தொன்று. அத்தானுக்கானது. காயம்பட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்ட அறுபத்தொரு பேருக்கு இதே போல் ஒவ்வொன்று போகிறது. என்ன அளக்கிறோம் என்று நீ கேட்பாய், அதனால் முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். நல்ல இதயம் கடிகாரம் மாதிரி துடிக்காது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள இடைவெளி கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். மூச்சை இழுத்தால் சுருங்கும், விட்டால் நீளும். உடம்பு நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தம். எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்க்கிற உடம்பில் இடைவெளிகள் ஒரே அளவாகிவிடும், அணிவகுப்பு மாதிரி. அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஓர் எண் உண்டு. நாற்பது என்றால் நன்று. இருபதுக்குக் கீழே என்றால் கவலை. கால் காயம் ஆறிவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லலாம். மற்றதற்கு இந்த எண்தான்.

பட்டையின் உள்பக்கத்தை ஈரமாக்கி நெஞ்சுக்குக் கீழே கட்ட வேண்டும். இருபத்துநாலு மணி நேரம். குளிக்க மட்டும் கழற்றலாம். கூட இருக்கிற தாளில் மணிக்கு மணி என்ன செய்தார் என்று எழுத வேண்டும்: படுத்தார், உட்கார்ந்தார், நடந்தார். கதை வேண்டாம்.

28ஆம் தேதி மருத்துவக் குழு கூடுகிறது. பதிவு வராதவர் பெயரை எங்கள் பிரிவின் டாக்டரம்மா அடித்துவிடுவார். அடித்தால் ஓட்டுநர் பயிற்சிக் கூடத்தில் அத்தான் கேட்டிருக்கிற வேலை போச்சு. ஒரு காலோடு லாரி ஓட்ட முடியாது, ஓட்டக் கற்றுக்கொடுக்கலாம். அதற்கு இது ஒன்றுதான் வழி. அவருடைய கிண்டலையெல்லாம் இதில் காட்ட வேண்டாம் என்று சொல்.

தம்பி

பி.கு.: விதிப்படி எனக்கு எண் மட்டும்தான் தெரிய வேண்டும். முகவரியை ஒட்டியதும் நானே என்பதால் தெரிந்துவிட்டது. வெளியே சொல்லாதே.



9 மார்ச்

அன்புத் தம்பி அவசரக்குடுக்கைக்கு,

நான் நலம். உன் அத்தான் நலம். நீ நலமா? பார், எழுதிவிட்டேன், என் பேனா ஒன்றும் தேய்ந்துபோகவில்லை.

பெட்டி வந்தது. உன் அத்தான் பட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "என்ன இது, நாய்க்குக் கட்டுற மாதிரி இருக்கு?" என்றார். பிறகு, "நெஞ்சை எதுக்கு அளக்குறான் உன் தம்பி? காலை அளக்கச் சொல்லு. ஒண்ணுதான் இருக்கு, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றார். நான் சிரிக்கவில்லை. சிரிக்காததற்கு ஒரு மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

இங்கே எல்லாம் அப்படியே. மின்தூக்கி படுத்து ஐந்து மாதம் ஆகிறது. போன வாரம் ஓர் ஆள் வந்து பார்த்துவிட்டு 'பழுது' என்று அட்டை மாட்டிவிட்டுப் போனான். அது எங்களுக்கும் தெரியும். தண்ணீர் இரண்டாம் மாடியோடு நின்றுவிடுகிறது, மூன்றாம் மாடிக்காரர்கள் கீழே இறங்கிப் பிடித்து வருகிறோம். மருந்துக் கடை கீழேயே இருப்பது ஒரு சௌகரியம். காலை ஒன்பதிலிருந்து நாலரை வரை கடை, நடுவில் ஓடி வந்து அவருக்குச் சாப்பாடு, கட்டு மாற்றுவது, மறுபடி கடை.

பட்டையும் தாளும் இத்துடன் வருகின்றன. கையெழுத்து என்னுடையது என்று குறை சொல்லாதே. அவர் எழுதினால் டாக்டரம்மாவுக்கே புரியாது.

போன மாதம் வருகிறேன் என்றாய். அதற்கு முந்தின மாதமும் என்றாய். எண் எப்படி வந்தாலும் முதலில் எனக்குச் சொல்.

உன் அக்கா



13 மார்ச்

அக்காவுக்கு,

பதிவைப் பார்த்துவிட்டேன். முதலில் ஒரு வேடிக்கை. பட்டைக்குள் அடிகளை எண்ணும் கருவி ஒன்றும் உண்டு. அது பதினோராயிரத்து நானூறு அடி என்று காட்டுகிறது. ஊன்றுகோலோடு நாளுக்கு அறுநூறு அடி வைக்கிறவர் அவர். உன் வீட்டில் அதிசயம் எதுவும் நடந்திருக்காது. ஊன்றுகோல் தரையில் இடிக்கிற அதிர்வை இந்த மலிவுக் கருவி அடி என்று எண்ணிக்கொள்ளும். அந்த அடிக் கணக்கை அப்படியே நீக்கிவிட்டேன். இரண்டு நிமிட வேலை.

இனி வேடிக்கை இல்லை. எண் பதினாலு.

அறுபத்தொரு பேரில் இதுதான் ஆகக் குறைவு. இரண்டு கையும் இழந்தவர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு இருபத்தாறு. 'ஒன்றரை மணி, படுத்திருக்கிறார்' என்று எழுதியிருக்கிறாய். அந்த நேரத்தில் நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டுத் துடிப்பு. படுத்துக்கொண்டே மாடி ஏறுகிற மனிதரை நான் இதுவரை பார்த்ததில்லை. 'தூங்குகிறார்' என்று எழுதிய நேரத்தில் நாலு தடவை எகிறியிருக்கிறது. உடம்பு கட்டிலில், இதயம் இன்னும் வெடித்த அந்த லாரியில். பாடப் புத்தகத்தில் போடலாம், அவ்வளவு தெளிவு.

நீ செய்ய வேண்டியது: அவரை ஒரு வேலையும் செய்ய விடாதே. தண்ணீரைத் தொடக் கூடாது. இரவில் அவர் விழித்தால் நீயும் எழுந்து கூட உட்கார். மூன்று வேளையும் நேரத்துக்குக் கையில் கொடு. கோபப்பட்டால் எதிர்த்துப் பேசாதே, அடக்கிக்கொள். வீட்டில் சத்தம் கூடாது. கொஞ்சம் அலைச்சல்தான், ஆனால் நீ திடமானவள். உன்னால் முடியும்.

தம்பி



16 மார்ச்

அன்புத் தம்பிக்கு,

நீ சொன்னபடி எல்லாம் செய்கிறேன். முன்பெல்லாம் நான் குடத்தைக் கதவுவரை கொண்டுவந்தால், அங்கிருந்து அடுப்படிவரை அவர் ஊன்றுகோலால் தள்ளிக்கொண்டு போவார். இப்போது அதையும் வாங்கிக்கொண்டேன். "என்னடி, என்னைப் பீங்கான் பொம்மை ஆக்கிட்டே?" என்கிறார். "தம்பி சொன்னான்" என்றேன். "அவன் சொன்னா நீ கிணத்துல குதிப்பியா?" என்றார். பதில் பேசவில்லை. நீ அடக்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறாயே. பதில் வராததால் இன்னும் கோபம் வந்துவிட்டது அவருக்கு.

அந்தப் பதினாலை ஒரு மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். சும்மாதான்.

உன்னிடம் சில கேள்விகள். பதினாலு வந்தவர் மாடி ஏறலாமா? சுமை தூக்கலாமா? திடீரென்று ஏதாவது ஆகுமா, மெதுவாகவா? மாத்திரை உண்டா, எங்கள் கடையில் கிடைக்குமா? அந்த எண் தப்பாக வர வாய்ப்பு இருக்கிறதா? நாலைந்து கேள்விதான். 'நேரமில்லை' என்று எழுதாமல் பொறுமையாகப் பதில் எழுது.

கடையில் ஒருவர் கேட்ட மருந்துக்குப் பதிலாக வேறொன்றை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவரே பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு இப்படி ஆனதே இல்லை. இதை எதற்கு உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

உன் அக்கா



20 மார்ச்

அக்காவுக்கு,

நாலைந்து இல்லை, சரியாக ஐந்து. ஏறலாம், நின்று நின்று. சுமை கூடாது. திடீரென்று எதுவும் ஆகாது, வருஷக்கணக்கில் இப்படியே ஓடினால் மெதுவாக ஆகும். மாத்திரை இல்லை, ஓய்வுதான். எண் தப்பாக வராது. பார்த்தது நான்.

கடை விவகாரம் எனக்குப் புரியவில்லை. கவனமாக இரு.

முக்கியமான விஷயம். டாக்டரம்மா குழுவுக்கு அனுப்பும் குறிப்பை எழுதிவிட்டார். 'நாற்பத்தொன்று: பயிற்சிப் பணிக்கு ஏற்றவர் அல்லர். நிரந்தர ஓய்வு பரிந்துரைக்கப்படுகிறது.' 28ஆம் தேதி அது அப்படியே உத்தரவாகும். குழுவில் இருக்கிற யாரும் குறிப்புக்கு எதிராகப் பேசி நான் பார்த்ததில்லை.

அத்தானிடம் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் சண்டையில் முடியும். வண்டிச் சத்தம் கேட்காமல் அவரால் இருக்க முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் எண் எண்தான்.

தம்பி



23 மார்ச்

தம்பி,

இதை நின்றுகொண்டு எழுதுகிறேன். கடையில் இப்போது ஆள் இல்லை.

அந்தப் பட்டையைக் கட்டியது நான்.

அவர் முதலில் கட்டிப் பார்த்தார். கிண்டல் பண்ணிக்கொண்டேதான் கட்டினார். கொக்கி மாட்டியதும் பேச்சு நின்றுவிட்டது. அரை நிமிடம் இருக்கும். நெற்றியெல்லாம் வியர்த்து, கொக்கியைத் தேடக்கூட இல்லாமல் பிய்த்து எடுத்தார். வெடித்த பிறகு பதினெட்டு நாள் அவரைக் கட்டிலோடு கட்டி, நெஞ்சு முழுக்க ஒயர் ஒட்டி வைத்திருந்தார்களே, அது உனக்குத் தெரியும், நீயும் வந்து பார்த்தாய். "வேண்டாம்" என்றார். சத்தம் போடவில்லை. இன்னொரு தடவை "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பதிவு வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று நீ எழுதியிருந்தாய். அவரிடம் 'திருப்பி அனுப்பிவிட்டேன்' என்று சொல்லிவிட்டு நான் கட்டிக்கொண்டேன். ரவிக்கைக்குள் யாருக்குத் தெரியும்? தாளில் மட்டும் அவர் செய்ததை எழுதினேன். எனக்கென்ன குறை, இரண்டு காலும் இருக்கிறது, ராத்திரி கத்திக்கொண்டு எழுந்திருப்பதில்லை, எண் நன்றாகத்தான் வரும் என்று நினைத்தேன். ஒரு நாளைக்கு நல்ல இதயம் ஒன்றை இரவல் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அதிசயம் எதுவும் நடக்கவில்லை. பதினோராயிரத்து நானூறும் நான் நடந்ததுதான்.

13ஆம் தேதிக் கடிதத்தைப் படித்தபோதே சொல்லியிருக்க வேண்டும். நீ என்னைத் திட்டியதாகக்கூடச் சொல்ல முடியாது. ஆனால் நீ அதில் எனக்குக் கொடுத்த வேலைகளை ஒரு தடவை நீயே படித்துப் பார்.

குறிப்பை நிறுத்து. தப்பு என்னுடையது. அவருக்கு எதுவும் தெரியாது. அவர் வேலை போகக் கூடாது.

அக்கா



27 மார்ச்

அக்காவுக்கு,

குறிப்பு நின்றுவிட்டது. நேற்றுக் காலையில் உன் கடிதத்தோடு டாக்டரம்மாவிடம் போனேன். முழுக்கப் படித்தார். அடிக் கணக்கை யாரைக் கேட்டு நீக்கினாய் என்று கேட்டார். யாரையும் கேட்கவில்லை. படுத்திருக்கிறவருக்கு நூற்றுப் பதினெட்டு என்றால் ஆளையே ஒருமுறை கூப்பிட்டுக் கேட்கத் தோன்றவில்லையா என்றார். தோன்றவில்லை. நோய் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன், பிறகு வந்ததெல்லாம் நோயாகவே பொருந்தியது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நீ எழுதாததை நானே எழுதிக்கொள்கிறேன். அவர் என் உறவினர் என்பதை மறைத்த குற்றமும் சேர்ந்துகொண்டது. இனி பதிவுகளை நான் தொட முடியாது. திரும்பி வரும் பட்டைகளைக் கழுவிக் காயவைத்து அஞ்சலில் போடுவதுதான் வேலை. சரியான தண்டனைதான்.

அத்தான் பெயர் 8 ஏப்ரல் குழுவுக்குத் தள்ளிப்போடப்பட்டிருக்கிறது. நெஞ்சில் எதையும் கட்ட வேண்டாம். காது மடலில் கவ்விக்கொள்ளும் சின்னக் கருவி ஒன்று இத்துடன் வருகிறது, டாக்டரம்மா கொடுத்தார். அது போதும் என்கிறார். அத்தானிடம் உண்மையைச் சொல்லிவிடு.

நாற்பத்தொன்றை அழிக்கச் சொன்னார்கள். அழிப்பதற்கு முன் மூலப் பதிவை ஒருமுறை பார்த்தேன், இந்தத் தடவை உன்னுடையது என்று தெரிந்து. 5.10க்கு எழுந்திருக்கிறாய். 5.25லிருந்து 6.20 வரை ஆறு தடவை மாடி, ஏறும்போது அடிகள் மெதுவாக இருக்கின்றன, குடம் இருந்திருக்கும். 9 மணிக்குக் கடை. 1.22க்கு மாடி. 1.30க்கு அவர் படுத்திருந்தார், நீ நூற்றுப் பதினெட்டில் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாய். உட்கார்ந்து சாப்பிட்ட மாதிரி ஓர் இடம்கூட இல்லை. இரவில் நாலு தடவை எழுந்தாய். அவர் விழித்தாரா, விழிப்பாரோ என்று நீ விழித்தாயா, அது பதிவில் தெரியாது.

ஒரே ஓர் இடம் புரியவில்லை. மாலை 4.35லிருந்து 4.47 வரை பன்னிரண்டு நிமிடம். அடி எதுவும் இல்லை. துடிப்பு எழுபதுக்கு இறங்குகிறது. எண் முப்பத்தெட்டு. நாள் முழுதும் வேறெங்கும் இருபதைத் தாண்டவில்லை. பொய்த் தாளிலும் அந்த நேரத்துக்கு மட்டும் எதுவும் எழுதாமல் விட்டிருக்கிறாய். அப்போது என்ன செய்தாய்?

பதினாலு என்பது அந்த ஒரு நாளின் எண். வியாதியின் பெயர் இல்லை. இருந்தாலும் ஒரு டாக்டரைப் பார். இதை உத்தரவாக எடுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். இரண்டாம் மாடி வரை வருகிற தண்ணீர் மூன்றாம் மாடிக்கு ஏறவில்லை என்றால் அது பம்பின் கோளாறு. அதை இத்தனை மாதமாக யாரும் பிரித்துப் பார்க்காதது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நானும் பார்க்கவில்லை என்பது வேறு.

நீ நலமா? இது கடிதத்துக்காக எழுதும் வரி இல்லை, கேள்வி. பதில் எழுது.

தம்பி



12 ஏப்ரல்

அன்புத் தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை வந்தாய். பம்பைப் பிரித்தாய், சட்டையெல்லாம் கறையாக்கிக்கொண்டாய், அத்தானோடு வால்வைப் பற்றி மூன்று மணி நேரம் பேசினாய். என்னிடம் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. காகிதத்தில் கேட்டதற்குக் காகிதத்தில்தான் பதில் போலிருக்கிறது, நமக்கு அப்படித்தான் வருகிறது. தண்ணீர் வருகிறது. இரண்டாம் மாடிக்காரர்தான் தனக்கு வேகம் குறைந்துவிட்டதாக உன்னைத் திட்டுகிறார்.

நேற்று உத்தரவு வந்தது. பயிற்சிக் கூடம், அடுத்த திங்கள்கிழமையிலிருந்து. அவருடைய எண் முப்பத்தொன்று என்று டாக்டரம்மா தனியாக எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு உன் அத்தான் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ரெண்டு பேர்ல யாரு ராணுவத்துக்குப் போனதுன்னே தெரியலையே" என்றார். நான் சிரித்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடு என்று எழுதியிருந்தாய். சொல்ல வேண்டி வரவில்லை. உன் பார்சல் வந்தபோது நான் கடையில் இருந்தேன், கையெழுத்துப் போட்டு வாங்கியவர் அவர். மேலே வந்தபோது உன் கடிதம் மேசையில் இருந்தது. நீ மூன்றாக மடிப்பாய், அது நாலாக மடிந்திருந்தது. கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்தக் காதுல மாட்டணும்?" என்றார். அந்த நாள் தாளை அவரே எழுதினார். டாக்டரம்மாவுக்குப் புரிந்ததா என்று கேட்டுச் சொல்.

டாக்டரைப் பார்த்தேன். இரத்தம் குறைவாம், மாத்திரை கொடுத்திருக்கிறார், எங்கள் கடையிலேயே கிடைத்தது. என்னை மறுபடி அளக்க வேண்டாம். ஒரு தடவை போதும்.

அந்தப் பன்னிரண்டு நிமிடம். அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. நாலரைக்குக் கடையிலிருந்து கிளம்புவேன். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் படிக்கட்டு திரும்புகிற இடத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. கீழே கடையிலிருந்து கூப்பிட்டால் கேட்காது, மேலே வீட்டிலிருந்து கூப்பிட்டாலும் கேட்காது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அங்கே படியில் உட்காருவேன். எதுவும் செய்வதில்லை. ஐந்து நிமிடம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டா?

அதைத் தாளில் எழுத எனக்கு மனம் வரவில்லை. வேறு எதற்கும் பொய் எழுத வந்தது, அதற்கு மட்டும் வரவில்லை.

நலமா என்று கேட்டாய். நலம் என்று எழுதப் பேனாவை எடுத்தேன், உன் பதினாலு ஞாபகம் வந்தது. அதனால் இப்படி எழுதுகிறேன்: முன்னைக்குப் பரவாயில்லை.

இன்னொன்று. உன் கடிதம் வந்த மறுநாளிலிருந்து, நாலரை மணி ஆனால் உன் அத்தான் வானொலியை நல்ல சத்தமாக வைத்துக்கொள்கிறார். ஜன்னல்வரை கேட்கிறது. அது பாடிக்கொண்டிருக்கிறவரை அவருக்கு ஒன்றும் வேண்டியதில்லை என்று நானாக எடுத்துக்கொண்டேன். நான் போய்க் கதவைத் தட்டினால் மட்டும் நிறுத்துகிறார். நேற்று ஐந்தே கால் ஆகிவிட்டது. கதவைத் திறந்து என்னைப் பார்த்து, "என்ன, இவ்வளவு சீக்கிரம் வந்துட்டே?" என்று கேட்டார்.

உன் அக்கா